முகப்பருவுக்கு முதலில் எதை நாடுவது: கைவைத்தியமா, களிம்பா, கிளினிக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறச் சிறுநகரத்தில், நான்காம் படிவமோ ஐந்தாம் படிவமோ படிக்கும் பிள்ளைக்கு முகம் நிறையப் பரு வந்துவிட்டால், வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பாட்டி கஸ்தூரி மஞ்சளை இழைத்துப் பூசச் சொல்வார். சித்தி, தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர் வாட்ஸ்அப்பில் விற்கும் களிம்பை வாங்கித் தருவதாகச் சொல்வார். மாமா மருந்துக்கடையில் கேட்டால் போதும் என்பார். அப்பாவோ, வயசுக் கோளாறு, கல்யாணமானால் தானாகப் போய்விடும் என்று பேச்சை முடித்துவிடுவார். அரசாங்க கிளினிக்கின் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் அடிபடும், அதுவும் முகம் புண்ணாகி, பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கும் நிலை வந்த பிறகு.

இந்த வழிகளை நம் வீடுகளில் விலையையும் வேகத்தையும் கொண்டே எடை போடுகிறோம். இவ்விரண்டும் போதாது என்பது என் கருத்து. மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலில், பரு அடங்கிய பிறகும் அது இருந்த இடம் பல மாதங்களுக்குக் கறுத்தே கிடக்கும். ஆழமான பருவாக இருந்தால் குழியும் விழும். ஆகவே, பருவை எது விரைவில் மறைக்கிறது என்று கேட்பதைவிட, கறையும் குழியும் மிகக் குறைவாக எஞ்சும்படி எது பருவைத் தணிக்கிறது என்று கேட்பதே முறை. அப்படிக் கேட்டால் வழிகளின் வரிசையே மாறிவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு முன், பரு எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறான வழிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் உள்ள தவறான எண்ணத்திலிருந்தே கிளம்புகின்றன. பருவ வயதில் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) தூண்டுவதால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் உட்புறச் செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் என்ற நுண்ணுயிர் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. இந்த அடைப்பு தோலுக்குள்ளே நிகழ்வது. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளி அழுக்கு அன்று; அடைப்பின் மேல்முனையில் உள்ள நிறமியும் கொழுப்பும் காற்றுப் பட்டுக் கறுத்ததுதான். ஒரு நாளில் ஐந்தாறு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது, தோல் வறண்டு எரிச்சல் மட்டும் கூடும். காலையும் மாலையும், வியர்த்துக் கொட்டிய பிறகும், மென்மையான சோப்பால் கழுவினால் போதுமானது.

உடம்புச் சூடு என்ற விளக்கத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டுரியான் தின்றதால் பரு, கோழிக்கறியால் பரு, எண்ணெய்ப் பலகாரத்தால் பரு என்று அடுக்குகிறோம். எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் அந்த எண்ணெய் முகத்தில் வந்து வழிவதில்லை. ஆனால் உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொன்ன பழைய மருத்துவர்களும் முழுக்கச் சரியில்லை. 1969இல் சாக்லேட்டை வைத்து நடந்த புகழ்பெற்ற ஆய்வில், ஒப்பீட்டுக்குக் கொடுத்த போலி மிட்டாயிலும் ஏறத்தாழ அதே அளவு கொழுப்பும் சர்க்கரையும் இருந்தன. அதைக் கொண்டு சாக்லேட் குற்றமற்றது என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். 2007இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று, 15 முதல் 25 வயதுள்ள 43 ஆண்களிடம், இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு 12 வாரங்களில் பருவைக் குறைத்ததாகக் கண்டது. ஆகவே, தினம் மூன்று கிளாஸ் தே தாரேக்கும் இனிப்புப் பானமும் குடிக்கும் பிள்ளைக்கு அவற்றைக் குறைக்கச் சொல்வதில் பொருள் உண்டு. அது துணைதான், மருந்தின் இடத்தை அது பிடிக்காது.

கைவைத்தியத்துக்கு வருவோம். இதன் பெரிய பலம், செலவும் ஆபத்தும் குறைவு என்ற நம்பிக்கை. செலவு குறைவுதான்; ஆபத்து பொருளைப் பொறுத்தது. மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் தன்மை உண்டு என்பது உண்மை, ஆனால் இழைத்துப் பூசும் பற்று மயிர்க்காலின் அடைப்பை எடுப்பதில்லை. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் சந்தையில் கிடைப்பது பல வேளைகளில் பூலாங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த வேறு கிழங்கின் பொடி என்பது இன்னொரு சிக்கல். அரிசியில் செய்த பெடாக் செஜுக்கும் சந்தனமும் பூசும்போது குளிர்ச்சியாக இருக்கும். மெல்லிய பருவுக்கு அவற்றால் தீங்கில்லை, பெரிய நன்மையும் இல்லை. எலுமிச்சை இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான் கவலைக்குரியது. எலுமிச்சைச் சாற்றில், சிறப்பாக லீமாவ் நீப்பிஸ் என்று நாம் வாங்கும் சிறிய பச்சை எலுமிச்சையின் சாற்றில், உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிவிடும். பூசிக்கொண்டு வெளியே நடந்தவர்களுக்குக் கொப்புளமும், அதன் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் கருங்கறையும் வருவதுண்டு. பற்பசையும் அப்படித்தான் எரிச்சலூட்டிக் கறையை விட்டுச் செல்லும்.

கைவைத்தியக் கூட்டத்தில் சோதனைக்கு நின்று தேறியது தேயிலை மர எண்ணெய் ஒன்றுதான் என்று சொல்லலாம். 1990இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஆய்வில் 5 விழுக்காட்டுத் தேயிலை மர எண்ணெய், 5 விழுக்காட்டுப் பென்சாயில் பெராக்ஸைடைவிட மெதுவாக வேலை செய்தாலும், இரண்டும் பருவைக் குறைத்தன. எரிச்சல் எண்ணெயில் குறைவாக இருந்தது. இது நாம் குடிக்கும் தேயிலையிலிருந்து வருவதன்று, வேறொரு ஆஸ்திரேலிய மரத்துடையது. நீர்க்காமல் நேரடியாகப் பூசினால் இதுவும் தோலைப் புண்ணாக்கும்.

இதே இடத்தில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் பேசிவிடுவது நல்லது. காலையில் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போகும் பிள்ளையின் நெற்றியை உற்றுப் பார்த்தால், முடி தொடங்கும் கோட்டை ஒட்டி, சிவக்காத சின்னச் சின்ன முட்டுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். வெயிலில் எண்ணெய் வழிந்து நெற்றியில் இறங்குவதால் வருவது அது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் மருந்து, எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் அலசிவிடுவதுதான். மருந்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்கும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது விற்பனைக் களிம்பு. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், டிக்டாக் நேரலையில், தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விற்கப்படுவது. இந்த வழியில் நிறைய நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேகத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் எல்லாவற்றையும் இதுவே வென்றுவிடும். ஒரு வாரத்தில் சிவப்பு இறங்கி, முகம் வெளுத்து, 'கண்ணாடி மாதிரி' ஆகிவிட்டது என்று வாங்கியவர்களே சாட்சி சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. கேள்வி, அப்படி ஒரு வாரத்தில் செய்யக்கூடிய பொருள் எது என்பது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டுகள் அப்படிச் செய்யும். அவை அழற்சியை அமுக்கும், அடைப்பைத் தொடாது. சில வாரங்களோ மாதங்களோ போனபின் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு இரத்தக்குழாய் இழைகள் தெரிந்து, ஒரே அளவுள்ள புதுப்பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும், வீங்கும். பயந்துபோய் மீண்டும் பூசினால் அடங்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இது. இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் சிவப்பழகுக் களிம்புகளிலும் இதே ஸ்டீராய்டு கலந்தவை உண்டு.

பாதரசம் கலந்தவை இன்னும் மோசம். அது நிறமி உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. பூசியவரின் துண்டையும் தலையணையையும் பயன்படுத்தும் குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரும். விற்பவர் கையில் கிடைக்கும் சிமிழைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா, தங்க எழுத்து, மேலே ஒரு பெண்ணின் படம், உள்ளே அழுத்தமான மஞ்சளில் ஒரு களிம்பு, ஆனால் உட்பொருள் பட்டியலும் தயாரித்தவரின் முகவரியும் எங்குமில்லை. தங்க நகையிலும் வெள்ளியிலும் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எச்சரிக்கை இருந்தால், அதுவே பாதரசத்தின் அடையாளங்களில் ஒன்று. தாலிக்கொடியில் படக்கூடாத ஒன்றைக் கழுத்துக்கு மேலே பூசலாமா என்று விற்பவரிடம் கேட்டால் பதில் வராது.

மலேசியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள்களுக்குத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வில் பதிவான, என்.ஓ.டி. (NOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்துகளுக்கு எம்.ஏ.எல். எண் உண்டு. இந்த எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். ஆனால் என்.ஓ.டி. எண் இருப்பதாலேயே பொருள் சோதித்து ஏற்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தயாரிப்பாளர் தாமே கொடுத்த அறிவிப்பின் எண்தான்; ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன், பாதரசம் ஆகியவை கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு நீக்கப்பட்ட பொருள்கள் பல. 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, குற்றம் செய்யும் தனியாளுக்கு முதல் முறை 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர், 'என் பொண்ணுக்கும் இதைத்தான் போடுறேன்' என்று சொல்பவர் விற்றாலும் சட்டம் ஒன்றுதான். எவ்வளவு நெருங்கியவர் விற்றாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மருந்துக்கடை வழி இதற்கு நேர்மாறானது; மெதுவானது, சலிப்பூட்டுவது, நம்பத்தக்கது. மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் பென்சாயில் பெராக்ஸைடு, பருவின் நுண்ணுயிரைக் கொல்வதோடு அடைப்பையும் ஓரளவு தளர்த்துகிறது. நுண்ணுயிர் இதற்குப் பழகிப்போய் எதிர்த்து நிற்பதும் இல்லை. விழுக்காடு கூடினால் பலன் கூடும் என்பது கடையில் அடிக்கடி கேட்கும் தவறான எண்ணம். 2.5 விழுக்காடு ஏறத்தாழ 10 விழுக்காடு அளவுக்கே வேலை செய்கிறது, எரிச்சல்தான் 10 விழுக்காட்டில் அதிகம். எரிச்சல் என்றால் நம் தோலில் கறை என்று பொருள்; ஆகவே மெல்லியதிலிருந்து தொடங்குவதே நமக்கு ஏற்றது. துணியை வெளுத்துவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்: நீலத் தலையணை உறையில் கன்னம் பட்ட இடம் மட்டும் ஆரஞ்சாக மாறியிருப்பதைக் கண்டு, மருந்து கெட்டுவிட்டதோ என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. வெள்ளை உறையும் வெள்ளைத் துண்டும் போதும்.

மருந்துக்கடையில் மருந்தாளுநரிடம் கேட்க வேண்டிய இன்னொரு பெயர் அடாபலீன். வைட்டமின் ஏ வழிவந்த இம்மருந்து அடைப்பு உண்டாவதையே தடுக்கிறது. அமெரிக்காவில் இதன் 0.1 விழுக்காட்டு ஜெல்லை 2016இல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்தார்கள். நம் நாட்டில் மருந்தாளுநர் அல்லது மருத்துவர் வழியாகவே இதைக் கேட்டுப் பெற வேண்டும். இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லப் பரப்ப வேண்டும், பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்கக் கூடாது, ஏனென்றால் இதன் வேலை வரப்போகிற பருவைத் தடுப்பதில்தான் இருக்கிறது. முதல் சில வாரங்களில் தோல் உரிவதும் பரு கொஞ்சம் கூடுவதும் வழக்கம். கர்ப்பிணிகள் பூசக் கூடாது. எண்ணெய்த் தோலுக்கு ஈரப்பதக் களிம்பு வேண்டாம் என்பது இந்த மருந்துகளைப் பூசுவோருக்குக் கெடுதல் செய்யும் அறிவுரை. மயிர்க்காலை அடைக்காத வகையைப் பார்த்து வாங்கிப் பூச வேண்டும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில்தடுப்பும் அப்படித்தான். அது ஒரு அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் பழைய கறைகள் வெயிலில் மேலும் கறுக்கும்.

இந்த வழியின் பெரிய குறை காலம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகே மாற்றம் தெரியத் தொடங்கும். முழுப் பலனைக் கணிக்க 12 வாரமாவது வேண்டும். நம் வீடுகளில் இரண்டாம் வாரத்திலேயே 'ஒண்ணும் ஆகலையே' என்று ஒதுக்கி வைத்துவிட்டு, பசார் மாலாம் களிம்புக்குத் தாவுகிறார்கள். ஆண்டின் கடைசியில் எஸ்.பி.எம். தேர்வும் பள்ளிப் பிரியாவிடையும் வரும் பிள்ளைக்கு, இந்தச் சிகிச்சையை ஆண்டின் நடுவிலேயே தொடங்க வேண்டும் என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்திருக்கலாம்.

அழகு நிலையத்தில் செய்யும் ஃபேஷியலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆவி பிடித்து, கம்பியால் அழுத்திக் கரும்புள்ளி எடுப்பது ஒரு நாள் தெளிவைத் தரும். வீங்கிய பருவை அப்படி அழுத்தினால் அடைப்பு உள்ளேயே உடைந்து வீக்கம் ஆழமாகும், குழித் தழும்புக்கு அது நேர்வழி. கையால் பிதுக்குவதும் இதுவேதான்.

அரசாங்க கிளினிக் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுவதற்குக் காரணம் செலவு அன்று. கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. காத்திருக்கும் நேரம் ஒரு காரணம்; பருவுக்கெல்லாம் டாக்டரைப் பார்க்கலாமா என்ற கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். பென்சாயில் பெராக்ஸைடை அங்கே கிட்டத்தட்ட இலவசமாகப் பெறலாம். தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் வில்லைகளையும் மருத்துவ அதிகாரி எழுதித் தருவார். அவ்வில்லைகளைத் தனியாக உண்ணாமல் பூச்சு மருந்தோடு சேர்த்தே உண்ண வேண்டும், பொதுவாக மூன்று மாதத்தோடு நிறுத்த வேண்டும். நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். அதை உண்ணும் நாள்களில் வெயில் சுருக்கென்று சுடும். கடையில் கிடைத்த பழைய ஆன்டிபயாடிக்கைத் தாமாகவே தொடர்வது நுண்ணுயிரைப் பழக்கிவிடும் வேலை.

மருந்தைவிட முக்கியமாக, கிளினிக்கில் கிடைப்பது இது பருதானா என்ற தீர்ப்பு. நம் ஊரின் வெக்கையிலும் ஈரப்பதத்திலும், செம்பனைத் தோட்டத்தில் முழுக்கைச் சட்டையோடு நாள் முழுக்க வியர்ப்பவர்களுக்கும், மாலையில் காற்பந்து ஆடிவிட்டு நனைந்த சட்டையோடே திரியும் பையன்களுக்கும், நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிக்கும் சிறு கொப்புளங்கள் வருவதுண்டு. தோலில் இயல்பாக வாழும் மலாசேசியா என்ற பூஞ்சை மயிர்க்காலில் பெருகுவதால் வருபவை அவை. பருவுக்கான ஆன்டிபயாடிக் கொடுத்தால் அவை இன்னும் கூடலாம். பூஞ்சை மருந்துக்குத்தான் அடங்கும். பரு பெரும்பாலும் அரிக்காது, இது அரிக்கும் என்பது வீட்டிலேயே கவனிக்கக்கூடிய வேறுபாடு. அதுபோல, மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வரும் பெண்களுக்குச் சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பூசும் களிம்பால் தீர்க்க முடியாது.

எனவே என் முடிவு இப்படி அமைகிறது. கரும்புள்ளியும் சில சிவப்புப் பருவும் மட்டுமென்றால் மருந்துக்கடையில் தொடங்கி, 12 வாரம் பொறுக்கலாம். கைவைத்தியத்தில் தீங்கில்லாததைப் பாட்டியின் மனநிறைவுக்காக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. பரு மார்பு, முதுகு வரை பரவியிருந்தாலோ, தொட்டால் வலிக்கும் கட்டிகளாக இருந்தாலோ, ஒரு குழியாவது விழுந்திருந்தாலோ மருந்துக்கடையில் காலம் கடத்தாமல் நேரே கிளினிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே பெயர் தெரியாத களிம்பு பூசியவர்கள் அந்தச் சிமிழையும் கையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் டாக்டர் ஸ்டீராய்டின் விளைவைப் பருவென்று நினைத்து, பருவுக்கான மருந்தையே தருவார்.

கிளினிக்கில் அடங்காதவர்களை ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். கிளினிக்கின் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்கும் கட்டணம் சொற்பம், காத்திருப்புத்தான் நீளும். அங்கே தரப்படக்கூடிய ஐசோட்ரெட்டினாயின், 1982 முதல் பயன்பாட்டில் உள்ள, கடுமையான பருவுக்கு மிகுந்த பலன் தரும் வில்லை. பல மாதங்கள் உண்ண வேண்டும், உதடு வெடிக்கும், கல்லீரலையும் இரத்தக் கொழுப்பையும் சோதித்துக்கொண்டே போக வேண்டும். கருவில் உள்ள குழந்தையை அது கொடுமையாகப் பாதிக்கும் என்பதால், பெண்கள் அதை உண்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. கல்யாண நாளுக்குள் முகம் தெளிய வேண்டும் என்று கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை; நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு கிளினிக்கில் கடிதம் கேட்டுவிட்டால், வில்லையை உண்டு முடித்து, அந்த ஒரு மாத இடைவெளியும் கழிந்த பிறகு மணமேடை ஏற நேரம் இருக்கும்.